நாலாவது திட்டு

அமிர்தலிங்கம் வாத்தியாருக்கு வந்த தபால் கார்டை நான் படித்தது தப்பே இல்லை. கார்டு திறந்துதானே கிடக்கிறது? அவர் பள்ளிக்கூடம் போயிருந்தால் தபால்காரர் பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம்தான் கொடுப்பார். எழுதியது ஜெக்கரியா, திருவாரூரில் கடிகாரம் பழுது பார்ப்பவர். ‘அமாவாசை, இரவு ஒன்பது மணி. மொத்தம் நாலு. மூன்றை நான் பிடித்துவிட்டேன். நாலாவது உங்கள் பொறுப்பு. டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் மறக்கவேண்டாம்.’ அடியில் பென்சிலால் மங்கலாக நாலு திட்டு.

வேறு வருஷமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். உதயசூரியன் ஆட்சிக்கு வந்து இரண்டாவது தாளடி அறுப்பு அது. அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்டு ஆட்கள் வயலில் இறங்கவில்லை. மிராசு வெளியூர் ஆட்களை இறக்கினார். மார்கழியில் கிழக்கே கூலி கேட்டவர்களைக் குடிசையோடு கொளுத்தியதைக் கேட்டதிலிருந்து குடிசைத் தெருவில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. திருவாரூர்ப் பக்கம் மூன்று வைக்கோல் போர் எரிந்திருந்தது. மூன்று! போதாததற்குச் செங்கொடி மாதிரி சிவப்புக் காகிதம். மோர் வாங்கப் போன இடத்தில் மிராசு வீட்டுப் பிரகதாம்பாளிடம் காதோடு காதாகச் சொல்லிவிட்டேன். மிஞ்சிப்போனால் வாத்தியாரைக் கூப்பிட்டு மிரட்டுவார்கள், எனக்கும் நாலு நாள் பேச்சுக்கு ஆகும் என்று நினைத்தேன்.

அமாவாசை அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் பிரகதாம்பாள் என் வாசலில் சிரித்த முகமாக நின்றாள். “ஒன் புண்ணியம் ராசம்மா. காரியக்காரர் எட்டு ஆளோட வாய்க்கால் கரையில உக்காந்திருக்காரு. இன்னிக்கி வெட்டாம விடமாட்டாங்க.”

வாத்தியார் வீடு பூட்டிக் கிடந்தது. தெருத் தெருவாகத் தேடிவிட்டு, ஒன்பது மணிக்குக் களத்துக்கு ஓடினேன். வாத்தியார் தகரக் குழாயை வானத்துக்கு நிமிர்த்தி, அதன் வாயோரம் கண்ணை வைத்துக் குனிந்திருந்தார். அவரே தேய்த்த கண்ணாடியாம் அதற்குள்ளே. பக்கத்தில், கண் கூசாமலிருக்கச் சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்.

“வாத்யாரே, வீட்டுக்கு வாங்க. இப்பவே.”

“நல்ல நேரத்துல வந்தீங்கக்கா. மக நட்சத்திரத்துக்கு மேல, நம்ம பால்வீதி மாதிரியே நாலு நட்சத்திரக் கூட்டம் இருக்கு. ஜெக்கரியா பாய் மூணைத்தான் புடிச்சாரு. பாருங்க.”

நாலு. மூணு. கார்டில் இருந்த அதே கணக்கு. அவர் இழுத்த இழுப்புக்குக் குனிந்தேன். ஒன்றுமே இல்லை, இருட்டு.

“நேரா பாத்தா தெரியாது. கண்ணைக் கொஞ்சம் ஓரமா வச்சுக்குங்க.”

அது எனக்குச் சொல்லித்தரவேண்டிய வித்தையா? கல்யாண வீடுகளில் யார் கழுத்தில் என்ன தொங்குகிறது என்று பாதி வாழ்க்கை அப்படித்தான் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல ஒரு திட்டு. பக்கத்தில் இன்னொன்று. ‘கார்டு விஷயத்தை நான்தான் சொன்னேன்’ என்று வாயைத் திறந்தேன். ஊரெல்லாம் ஓடுகிற வாய், இதற்கு மட்டும் ஓடவில்லை.

அதற்குள் வரப்பில் காலடி.

“செவப்பு வெளக்கு யாருக்குய்யா காட்டுற?” மிராசு நிலத்தைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர் நடராசன், கையில் அரிவாளோடு. பின்னால் எட்டு நிழல். “மூணு கொளுத்தியாச்சு. நாலாவது எங்க போருதானே?”

வாத்தியார் விழித்தார். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு நடராசன் பக்கம் திரும்பினார்.

“அந்த நாலும் இதுக்குள்ள இருக்குங்க. நீங்களே பாருங்க.”

“நாலும் இருக்கா?”

“நாலாவதை நான் இன்னும் பாக்கலை.”

கழுத்துக்கு நேரே அரிவாள் நிற்கும்போதுகூடப் பொய் வராத மனுஷனை என்ன செய்வது?

நடராசன் அவரையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். “நாலு இல்லேன்னா இங்கேயே பொதைச்சிடுவேன்.” அரிவாளை என் கையில் திணித்துவிட்டு, இடக்கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

“ஒண்ணுமில்லையே.”

“ஓரமா பாருங்க. அவசரப்படாதீங்க.”

எட்டுப் பேரும் குழாயைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். வாத்தியார் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“ஒண்ணு,” என்றார் நடராசன். வெகு நேரம் கழித்து, “ரெண்டு.” பிறகு குரல் தாழ்ந்து, “அதோ... மூணு.”

நாலு என்று வரவில்லை. அவர் முதுகு அசையவில்லை. என் கையில் அரிவாளின் பிடி வேர்வையில் வழுக்கியது. அவர் நிமிர்ந்து கேட்டாலும் கொடுப்பதாயில்லை; இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.