பெட்டிக்குள் கூடுதலாக ஒரு மிதவை விமானம்

போஸ்ட்மாஸ்டருக்குத் தன் சகலையின் மேல் சந்தேகம் விழுந்து ஆறு மாதமாகிறது. சொத்து விஷயத்தில் அல்ல, பழைய ஜப்பான் மிதவை விமானங்கள் விஷயத்தில். சக்கரத்துக்குப் பதில் இரண்டு மிதவைகளைக் கட்டிக்கொண்டு, தண்ணீரிலிருந்தே எழும்பி, தபாலையும் பயணிகளையும் சுமந்த விமானங்கள் அவை. மங்கிய புகைப்படத்தைப் பார்த்து இது இன்ன விமானம் என்று சொல்வதில் இருவருக்கும் பித்து.

போஸ்ட்மாஸ்டர் லென்ஸும் கையுமாக, இஞ்சினில் எத்தனை சிலிண்டர், வாலில் என்ன பதிவெழுத்து என்று ஒரு வாரம் மல்லுக்கட்டுவார். படகு மெக்கானிக்கான சகலையோ மறுநாளே விடையோடு வந்து நிற்பார். அதெப்படி? விமான விவரங்களைத் தான் வருஷக்கணக்காகக் குறித்துவைத்த நோட்டை, விருந்துக்கு வரும்போது புரட்டுகிறான் என்று முடிவுகட்டினார். பீரோவில் வைத்துப் பூட்டியும் விடை வருவது நிற்கவில்லை. பெண்டாட்டிதான் தங்கைக்குப் போனில் படித்துக் காட்டுகிறாளோ என்று அவள்மேலும் ஒரு கண் வைத்தார்.

"அவருக்குத் தெரியுது, சொல்றாரு. உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?" என்றாள் அவள்.

"சும்மாவா எலி அம்மணமா ஓடும்?" என்றார் இவர்.

இந்த நேரம் பார்த்து அருங்காட்சியகத்தின் காப்பாளர் அம்மா ஒரு பெட்டி நிறைய மிதவை விமானப் படங்கள் கொடுத்தார். இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்து எழுதித் தர வேண்டும். யார் எழுதியது நன்றாக இருக்கிறதோ, அவர் பெயரில் அருங்காட்சியகம் புத்தகம் போடும். அச்சில் தன் பெயரை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று போஸ்ட்மாஸ்டர் முப்பது வருஷமாகத் தவம் கிடக்கிறார். விடுவாரா?

பொறி வைத்தார். அட்டையிலும் தகரத்திலும் தானே ஒரு விமானம் செய்தார். துணி அலசும் தொட்டியில் மிதக்கவிட்டு, ஸ்பூனால் தண்ணீரைத் தெறிக்கவிட்டுப் படம் பிடித்தார். பழைய தாளில் பிரதி எடுத்து, டீத்தண்ணீரில் முக்கிக் காயவைத்துப் பெட்டிக்குள் செருகினார். உள்ளே எத்தனை படம் என்று யாரும் எண்ணியிருக்கவில்லை. நோட்டில் இல்லாத விமானத்துக்குத் திருடன் என்ன எழுதுவான், பார்க்கலாம்! தன் பங்குக்கு, "நான்கு பயணிகள் அமரும் தபால் விமானம், ஒன்றே ஒன்றுதான் கட்டப்பட்டது" என்று கூசாமல் எழுதிவைத்தார். பெட்டி சகலை வீட்டுக்குப் போனது.

பத்தாம் நாள் காப்பாளர் போனில் கூப்பிட்டார். "ஒரே ஒரு படத்துக்கு உங்க சகலை 'தெரியவில்லை'ன்னு எழுதியிருக்கார் சார். நீங்க அதையும் கண்டுபிடிச்சுட்டீங்க. புத்தகம் உங்களுக்குத்தான். அந்தப் படமே அட்டையில வரட்டும். இன்னைக்கு அச்சுக்கு அனுப்பிடறேன்."

அட்டையில் என்றதும் திக்கென்றது. ஆனாலும் சகலையின் குட்டு வெளிப்பட்டுவிட்டதே என்ற குஷியில் அதைத் தள்ளிவிட்டு, நேரே படகுப் பட்டறைக்கு நடந்தார்.

"என்ன தம்பி, ஒண்ணு மட்டும் தெரியலையாமே? நோட்டு கிடைக்கலையோ?"

சகலை கிரீஸ் கையைத் துடைத்தார். "எந்த நோட்டு? உங்க கையெழுத்தை உங்களாலயே படிக்க முடியாதேண்ணே."

"அப்புறம் எப்படி மறுநாளே சொல்றீங்க?"

"நீங்க மேல பாக்கறீங்க, நான் கீழ பாக்கறேன். மிதவை எவ்வளவு அமுங்குது, தண்ணி எப்படிக் கிழியுதுன்னு பாத்தா போதும், எடை தெரிஞ்சிடும், எடை தெரிஞ்சா எந்த விமானம்னு சொல்லிடலாம். படகோட எனக்கு இதுதானே பொழப்பு?" குரலைத் தாழ்த்தினார். "அந்தப் படத்துல தெறிச்ச துளி ஒவ்வொண்ணும் பைலட் தலை அளவு இருந்துச்சு. நெசக் கடல்ல அப்படித் தெறிக்காது. பொம்மைன்னு தெரிஞ்சுபோச்சு. எனக்கு முன்னாடி பெட்டி உங்ககிட்டதான் இருந்துச்சு. பொய்ப்படம்னு எழுதினா அந்தம்மா உங்களை வாசப்படி ஏற விடுவாங்களா? அதான் தெரியலன்னு எழுதிட்டேன்."

போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆமா, நீங்க அதுக்கு என்னண்ணே எழுதினீங்க?"

இந்த மனுஷனையா ஆறு மாதம் திருடன் என்று நினைத்தோம் என்று போஸ்ட்மாஸ்டருக்கு வெட்கமாக இருந்தது. அங்கேயே நின்று போனை எடுத்தார்.

"அம்மா, அச்சை நிறுத்துங்க. அட்டைப் படம் பொய். நான்தான் செஞ்சேன்."

காப்பாளர் கேட்டார்: "அப்போ மத்தப் படங்களுக்கு நீங்க எழுதினதை மட்டும் எப்படி நம்புறது?"