பச்சை விசிறி

கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு எல்லோரும் தேடி வாங்கும் பாயின்செட்டியாவில் சிவப்பாகத் தெரிவது பூ அல்ல, இலை. நடுவில் கடுகு கடுகாய்த் திரண்டிருக்கும் மஞ்சள் மணிகள்தான் பூ. செடிப்பண்ணைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் அனுப்பினால், பண்ணையை நடத்தும் செடியக்காவுக்குத் தலை வெடித்துவிடும்.

இலை சிவக்க இருட்டு வேண்டும். நீளமான, இடையில் உடையாத இருட்டு. இந்தச் செடி பகலை அளப்பதில்லை, இரவைத்தான் அளக்கிறது. நடுவில் வெளிச்சம் பட்டால் ஒரு நீண்ட இரவு இரண்டு குட்டி இரவுகளாகிவிடும். இன்னும் கோடைதான் என்று நினைத்து அது பச்சையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். அதனால் வெயில் சாயும் முன்பே கொட்டகையைச் சுற்றிக் கறுப்புத் துணியை இழுத்து மூடி, மறுநாள் நன்றாக விடிந்த பிறகே திறப்பார்கள். அந்த வேலை அவள் தம்பியுடையது. அவனிடம் விட்டால் அவளுக்கு நிம்மதி. தான் கட்டியதை ஒரு முறை இழுத்துப் பார்ப்பவள், தம்பி கட்டியதைத் தொட்டதே இல்லை. இந்தப் பருவத்தில் பிற்பகலில் விற்பனைக் கூடத்துக்குப் போய்விட்டால், கொட்டகைக்குள் தலைகாட்ட அவளுக்கு நேரமும் இருக்காது.

அன்று காலை ஓட்டல் அலங்காரக்காரம்மா செடிகளைப் பார்க்க வருவதாக இருந்தது. ஓட்டலின் பெரிய கூடம் முழுக்கச் சிவப்பாக வேண்டும் என்று கோடையிலேயே பேசி வைத்த வேலை. பருவம் முழுக்க அக்கா நம்பியிருந்தது இந்த ஒன்றைத்தான்.

துணியைச் சுருட்டிவிட்டுப் பலகைமேல் ஏறி நின்று பார்த்தாள்.

கொட்டகையின் முன்பாதி சிவப்பு. பின்பாதியின் நடுவே ஒரு பச்சைக் கூட்டம், விரித்த விசிறிபோல. ஓரத்துச் செடிகள் இரண்டுங்கெட்டான், திட்டுத்திட்டாய்ச் சிவந்திருந்தன. விசிறி குறுகிக் குறுகிப் பின்பக்கத் துணியின் இணைப்பில் போய் முடிந்தது. வெளிச்சம் அந்த இடுக்கு வழியாக நுழைந்து விரிந்திருக்கிறது. செடிகள் அதை அப்படியே படம் வரைந்து காட்டியிருந்தன.

"தம்பி! இங்க வா."

கையைத் துடைத்துக்கொண்டே வந்தவன் பார்த்ததும் சொன்னான். "தெருவிளக்குக்கா. அந்தக் கம்பத்துல புதுசா மாத்தியிருக்கான் பாரு, கண்ணக் கூசுது."

"தெரு இந்தப் பக்கம். இடுக்கு அந்தப் பக்கம். விளக்கு கொட்டகையச் சுத்திக்கிட்டு வந்துச்சா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

அவள் கீழே இறங்கி இடுக்கை நீக்கி வெளியே எட்டிப் பார்த்தாள். ஈரமண்ணில் வண்டிச் சக்கரத்தின் தடம், ஒன்றன்மேல் ஒன்றாக. பின்னோக்கி வந்த வண்டி இல்லை, முகப்பு விளக்கு உள்ளே பார்த்தபடி நின்ற வண்டி. திரும்பியபோதுதான் இன்னொன்று உறைத்தது. சிவந்த செடிகளின் தொட்டிகள் இடைவெளி விட்டு விட்டு இருந்தன. போன வாரம் துணி சுருட்டும்போது வாசலில் நின்றபடி அதைப் பார்த்து, "காத்தோட்டமா வச்சிருக்கடா, கெட்டிக்காரன்" என்று அவளே பாராட்டியிருந்தாள். எடுத்த இடம் தெரியாமலிருக்கப் பரப்பி வைத்திருக்கிறான்.

"எங்க போச்சுடா?"

"கடை போட்டிருக்கேன்." அவன் தரையைப் பார்த்தான். "ராத்திரி வண்டியில ஏத்துறப்ப கொஞ்ச நேரம் விளக்கு எரிஞ்சுச்சு. அஞ்சு நிமிஷந்தானேன்னு நெனச்சேன்."

"தீக்குச்சி கூடக் கிழிக்காதேன்னு உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தானேடா. தெனமும் அஞ்சு நிமிஷமா?"

"உன்கிட்ட கேட்டா விட்டிருப்பியா? எனக்குக் குடுத்த வேலையே அந்தத் துணிய இழுக்கறதுதானே. யாராவது வந்தா நீதான் பேசுவ. பூ இல்ல, இலைன்னு ஆரம்பிச்சா முடிக்கவே மாட்ட."

அந்தக் கடைசி வார்த்தைதான் சுருக்கென்றது. அதற்குள் அலங்காரக்காரம்மாவின் கார் வந்து நின்றது.

இறங்கி உள்ளே வந்தவர் சிவந்த பாதியைப் பார்த்து முகம் மலர்ந்தார். "இதுவும் நல்லா வந்திருக்கே! நேத்து இறக்கின செடியப் பாத்து எங்க மேனேஜர் அசந்துட்டாரு. நன்றி சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

"நேத்தா?"

"உங்க தம்பி கடையிலிருந்துதாங்க. புதுக் கிளை, அக்காதான் அனுப்பினாங்கன்னாரு. கூடம் முழுக்க வச்சாச்சு. இனி ஒண்ணும் வேண்டாம்." அவள் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். "ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

தம்பி குனிந்து ஒரு தொட்டியை நகர்த்துவதுபோல் பாவனை செய்தான்.

"தெரியும்" என்றாள் அக்கா, தம்பியைப் பார்த்தபடி. "நான்தான் வளர்த்தேன்."

செடியைச் சொல்வதாகவே எடுத்துக்கொண்டு அவர் விடைபெற்றார். சிவந்த இலையைத் தொட்டு, "என்ன அழகான பூ!" என்றார் போகிறபோது. அக்கா திருத்தவில்லை.

வெயில் சாயும் நேரம். பச்சைச் செடிகளை இனி தினமும் மூடினால் அவையும் சிவக்கும்; கிறிஸ்துமஸ் முடிந்து, நட்சத்திரங்களைக் கழற்றிப் பெட்டியில் வைத்த பிறகு. அது தெரிந்துதான் அவள் துணியின் முனையைப் பிடித்தாள்.

"குடுக்கா, நான் இழுக்கறேன்" என்று வழக்கம்போல் கை நீட்டினான் தம்பி.

"உன் கடைக்கு ஆள் வரும் நேரம். போ."

அவன் போன பிறகு பின்பக்கத்து இணைப்பை ஊசிநூலால் தைத்தாள். தைத்ததை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு கொட்டகையைச் சுற்றி வந்து, அவன் இதுவரை கட்டி வைத்திருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தானே கட்டத் தொடங்கினாள்.