படியாத துணி

கைப்பேசி நான்காவது முறையாக அதிர்ந்தபோது லைமோனிஸ் தான் ஓட்டும் டிராலிபஸ்ஸின் முன்கதவை மூடிக்கொண்டிருந்தார். கடைசியாக ஏறிய பெண்ணின் குடை கதவிடுக்கில் மாட்டியது. திறந்து மறுபடி மூடினார். சட்டைப் பையில் கைப்பேசி ஓய்ந்து, உடனே மறுபடியும் அதிரத் தொடங்கியது. வண்டியில் உட்கார்ந்துவிட்டால் எடுப்பதில்லை என்பது இருபத்தாறு வருடப் பழக்கம். ஆனால் அடுத்த முனையில் சிவப்பு விளக்கு விழுந்தது. எடுத்துப் பார்த்தார். வெல்கா. பாடம் நடத்துகிற நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள்.

"என்ன வெல்கா, சிக்னல்ல நிக்கிறேன். சீக்கிரம் சொல்லு."

"நான் வெல்கா மேடம் இல்லீங்க. என் பேரு ரூதா. அவங்க ஸ்டூடன்ட். நீங்க மேடத்தோட வீட்டுக்காரரா?"

"ஆமா."

"மேடம் கிளாஸ்ல விழுந்துட்டாங்க. ஆம்புலன்ஸ்காரங்க வந்தாங்க. அரைமணி நேரமா நெஞ்சை அமுக்கிப் பாத்தாங்க. இப்ப நிறுத்திட்டாங்க."

"எதை நிறுத்திட்டாங்க?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பச்சை விழுந்தது. பின்னாலிருந்த கார் ஹாரன் அடித்தது.

"நான் வண்டி ஓட்டிட்டு இருக்கேம்மா," என்று சொல்லிவிட்டு லைமோனிஸ் கைப்பேசியைப் பையில் போட்டார்.

வண்டியை எடுத்தார். அடுத்த நிறுத்தத்தில் நிறுத்தினார். நாலு பேர் இறங்கினார்கள், ஒரு தள்ளுவண்டிக் குழந்தை ஏறியது. குழந்தையின் அம்மாவுக்காகச் சாய்தளத்தை இறக்கினார், ஏற்றினார். நவம்பர் மாதத்து ஈரப்பனி கண்ணாடியில் விழுந்து வழிந்தது. துடைப்பானை ஒரு படி கூட்டினார். அதற்கடுத்த நிறுத்தத்திலும் நிறுத்தினார். நிறுத்திட்டாங்க என்றால் என்ன அர்த்தம்? தேறிவிட்டாள், இனி அமுக்க வேண்டாம் என்று நிறுத்தியிருக்கலாம். அந்தப் பெண்ணுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சின்னப் பெண். போன வாரம் வந்த சுதந்திர நாளுக்குக் கட்டிய கொடிகளைச் சில வீடுகளில் இன்னும் இறக்கவில்லை என்பதையும் அவர் கவனித்தார். காலையில் வெல்கா குளியலறைக்குள்ளிருந்து என்னவோ கேட்டாள், இவர் "சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றார். என்ன கேட்டாள் என்பதுதான் நினைவுக்கு வரவில்லை.

பாலத்துக்கு முந்தைய முனையில் டிராலிபஸ்ஸுக்கு மின்சாரம் தரும் கம்பிகள் மேலே இரண்டாகப் பிரியும். அங்கே ஊர்ந்துதான் போக வேண்டும். லைமோனிஸ் ஊரவில்லை. கூரை மேல் 'படார்' என்று ஓர் அடி விழுந்தது. விளக்குகள் அணைந்தன. மோட்டார் செத்தது. வண்டி தானாகக் கொஞ்ச தூரம் உருண்டு, நடுரோட்டில் நின்றது.

ஆரஞ்சு நிற மேல்சட்டையை மாட்டிக்கொண்டு கையுறையோடு இறங்கிப் பின்பக்கம் போனார். கூரையிலிருந்து நீண்டு மின்கம்பியைத் தொடும் இரண்டு கம்புகளும் அதை விட்டு விலகி வானத்தைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தன. கயிற்றைப் பிடித்து இழுத்து முதல் கம்பைக் கம்பிக்குக் கொண்டுபோனார். தவறியது. மறுபடி கொண்டுபோனார். மறுபடியும் தவறியது. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை இது. முகத்தில் பனி விழுந்துகொண்டே இருந்தது.

வண்டியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். தோல் தொப்பி, கையில் எக்ஸ்ரே உறை.

"ஏன்யா, தூங்கிக்கிட்டா ஓட்டுற? பதினொண்ணு இருபதுக்கு எனக்கு டாக்டரைப் பாக்கணும். ரெண்டு மாசம் காத்திருந்து வாங்கின நேரம். யாரு உனக்கு லைசன்ஸ் குடுத்தா?"

லைமோனிஸ் கயிற்றை விடாமல் திரும்பிப் பார்த்தார்.

"என் பொண்டாட்டி செத்துப்போயிட்டா," என்றார்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. கை தளர்ந்தது. கம்பு விர்ரென்று மேலே போய் ஆடியது.

அந்த ஆள் எக்ஸ்ரே உறையைக் கோட்டுக்குள் செருகிவிட்டு வெறுங்கையால் கயிற்றைப் பிடித்தார். "எப்ப?" என்று கேட்டார், கம்பியைப் பார்த்துக்கொண்டே.

"இப்பதான். சிக்னல்ல சொன்னாங்க."

"சிக்னல்லயா? அங்கிருந்து ரெண்டு ஸ்டாப்பு ஓட்டிட்டு வந்தீங்களா?"

"ஆமா."

"நீங்க அந்தக் கல்லு மேல உக்காருங்க. ஈரம்தான், பரவால்ல. உக்காருங்க சொல்றேன்."

மாற்று ஓட்டுநர் வருகிற வரைக்கும் லைமோனிஸ் நடைபாதை ஓரக்கல்லில் உட்கார்ந்திருந்தார். தோல் தொப்பிக்காரர் இரண்டு கம்புகளையும் மாட்டி முடித்து, சிவந்துபோன கைகளைத் தொடையில் தேய்த்தபடி அவர் பக்கத்திலேயே நின்றார். வண்டி கிளம்பியபோது அவர் அதில் ஏறவும் இல்லை. டாக்சி பிடித்து லைமோனிஸை அதில் உட்கார வைத்துவிட்டுத்தான் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

*

வெல்கா பாடம் நடத்தும் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில் மாணவர்கள் சுவரோரமாக நின்றிருந்தார்கள். லைமோனிஸ் ஆரஞ்சு மேல்சட்டையோடு வந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பையன் மெதுவாக, "அவருதான். டிராலிபஸ்" என்றான். வழிவிட்டார்கள்.

வகுப்பறையில் இரண்டு பெஞ்சுகளை நகர்த்தி இடம் செய்திருந்தார்கள். வெல்கா கரும்பலகைக்கும் மேசைக்கும் நடுவில் தரையில் கிடந்தாள். மேலே யாருடையதோ மஞ்சள் மழைக்கோட்டு. காலில் ஒரு ஷூ இல்லை. லைமோனிஸ் மண்டியிட்டுக் கோட்டை விலக்கிப் பார்த்தார். முகத்தில் அசதி இருந்தது, அவ்வளவுதான். முழங்கைப் பக்கம் சாக்பீஸ் தூள்.

"கண்ணாடி எங்க?" என்று கேட்டார்.

யாருக்கும் புரியவில்லை.

"அவ மூக்குக் கண்ணாடி. அது இல்லாம அவளுக்கு ஒண்ணுமே தெரியாது."

மேசை மேலிருந்து ஒரு போலீஸ்காரப் பெண் எடுத்துக் கொடுத்தாள். அவர் அதன் மேல் ஊதி, மேல்சட்டை நுனியால் துடைத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். போலீஸ்காரப் பெண் அடையாள அட்டை கேட்டாள். கொடுத்தார். உறவு என்ன என்று கேட்டாள். "புருஷன்" என்றார். வயது கேட்டாள். அறுபத்தொன்று என்று தன் வயதைச் சொன்னார். இறந்தவங்க வயசு என்றாள். ஐம்பத்தெட்டு என்றார்.

அப்போதுதான் ஜன்னலோரம் நின்றிருந்த பெண்ணைப் பார்த்தார். குட்டை முடி, வீங்கிய கண்கள். இரண்டு கைகளாலும் ஒரு பெரிய கத்தரிப்பூ நிறக் கம்பளி மூட்டையை மார்போடு அணைத்திருந்தாள். லைமோனிஸுக்கு அது தெரியும். ஜூன் மாதத்திலிருந்து சமையலறை மேசையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது அதுதான்.

வெல்கா வடிவியல் கற்பித்தவள். மேலும் கீழுமாக வளைந்து, போகப் போக இடம் பெருகிக்கொண்டே இருக்கிற ஒரு வகைத் தளத்தைக் காகிதத்தில் செய்து காட்டப் பல வருடம் பாடுபட்டாள். இரண்டு வகுப்பில் கிழிந்துபோகும். அப்புறம், இருபது வருடத்துக்கு முன்பு, கம்பளி பின்னும் குரோஷா ஊசியை எடுத்தாள்; அதிலிருந்து சின்னதாக எத்தனையோ பின்னியிருக்கிறாள். பின்னலில் ஆறு கண்ணிக்கு ஒரு கண்ணி கூட்ட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. முதல் வரிசை விரல் நீளம். அடுத்தது கொஞ்சம் நீளம். இருபது வரிசை தாண்டினால் ஓரம் தாங்காமல் முட்டைக்கோஸ் இலை மாதிரி அலை அலையாகச் சுருளும். இந்தப் பெரிய துணியில் இப்போது ஒரு வரிசை போட்டு முடிக்க அவளுக்கு ஒரு வாரம் ஆகிக்கொண்டிருந்தது. "எப்ப முடியும்?" என்று லைமோனிஸ் கேட்பார். "முடியாது. நான்தான் நிறுத்தணும்" என்பாள்.

"நீதான் ரூதாவா?"

"ஆமாங்க. மன்னிச்சுக்கங்க. முதல்ல இதைத்தான் மேடத்து மேல போர்த்தப் பாத்தேன். பக்கத்துல வேற எதுவும் இல்ல. இழுத்தா இந்தப் பக்கம் எழும்புது, அமுக்கினா அந்தப் பக்கம் எழும்புது. இவ்வளவு துணி இருக்கு, ஒரு ஆளை மூட முடியல. படியாதுன்னு மேடமே அரைமணி முன்னாடிதான் சொன்னாங்க. எனக்குத் தோணவே இல்ல. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க, நான் இதை வெச்சு அமுக்கிக்கிட்டே இருக்கேன்..."

"சரிம்மா."

"அப்புறம்தான் கூடப் படிக்கிற பையன் ஒருத்தன் கோட்டைக் கழட்டிக் குடுத்தான்."

"சரி. விடு."

லைமோனிஸ் துணியைப் பார்த்தார். அதன் மேல் வெள்ளை நூலில் வெல்கா தைத்த இரண்டு கோடுகள் தெரிந்தன. ஓரிடத்தில் நெருங்கி வந்து, இரண்டு பக்கமும் விலகி விலகிப் போயின.

"கடைசியா என்ன சொல்லிட்டு இருந்தா?" என்று கேட்டார்.

சுவரோரம் நின்ற பையன்தான் சொன்னான். "உங்களைப் பத்திதான் சார். நேர்க்கோடு ரெண்டும் விலகிப் போகுதுன்னு மேடம் வீட்ல காட்டினாங்களாம். அது நேர்க்கோடே இல்ல, வளைஞ்சிருக்குன்னு நீங்க சண்டை போட்டீங்களாம். அப்ப இருந்த துணியைக் கோட்டு மேல மடிச்சுக் காட்டினாங்களாம், மடிப்பு எங்கயும் வளையலையாம். நீங்க ரொம்ப நேரம் பாத்துட்டு, 'அப்ப கம்பி ரெண்டும் இப்படி விலகினா நடுவுல வண்டியோட கம்பு கழண்டுருமே'ன்னு கேட்டீங்களாம். எல்லாரும் சிரிச்சோம். மேடமும் சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே நாற்காலியைப் பிடிச்சாங்க. நாங்க இன்னும் சிரிச்சுக்கிட்டுதான் இருந்தோம் சார்."

"இதை வகுப்புல சொன்னாளா?"

"ஒவ்வொரு வருஷமும் சொல்வாங்களாம். சீனியருங்க எங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டாங்க, நவம்பர்ல டிராலிபஸ் கதை வரும்னு."

லைமோனிஸ் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தச் சண்டை நடந்து பத்தொன்பது வருடம் இருக்கும். அன்றைக்கு அவருக்குக் கோபம் வந்து கதவைச் சாத்திக்கொண்டு போனதுகூட நினைவிருந்தது. அவள் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சவ அறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஸ்ட்ரெச்சர் படுக்கை லிப்டுக்குள் நுழையவில்லை. படியில்தான் இறக்க வேண்டும். முதல் திருப்பத்தில் கைப்பிடிச் சுவரில் இடித்து நின்றார்கள். லைமோனிஸ் முன்னால் போய் கையைக் காட்டினார். "வலது பக்கம் ஒடிங்க. இன்னும் கொஞ்சம். போதும். பின்னாடி இருக்கிறவர் தூக்குங்க. வாங்க, வாங்க, வாங்க. நில்லுங்க." மூன்று மாடிக்கும் அப்படியே சொல்லிக்கொண்டு வந்தார். அவர்கள் சொன்னபடி கேட்டார்கள். சவ வண்டியின் கதவு சாத்தப்பட்ட பிறகும் அவர் கை அந்தரத்தில் நீட்டியபடி இருந்தது.

ரூதா கம்பளி மூட்டையோடு பின்னாலேயே வந்திருந்தாள்.

"இதை உங்ககிட்ட குடுக்கணும். ஆனா ஒரு விஷயம்." அவளுடைய ஆள்காட்டி விரல் துணியின் ஓரத்தில் ஒரு கண்ணிக்குள் நுழைந்திருந்தது. விரல் நுனி வெளிறிப்போயிருந்தது. "மேடம் விழும்போது துணியில இருந்த ஊசி உருவிக்கிச்சு. தேடினோம், கிடைக்கல. கண்ணி திறந்து கிடக்கு. விட்டா நூலு இழுபட்டு அவிழ்ந்துகிட்டே போயிரும். அதனால..."

"அப்ப இருந்து விரலை எடுக்கலையா?"

"இல்லீங்க."

"ரெண்டு மணி நேரமாவா?"

அவள் தலையாட்டினாள். லைமோனிஸ் கையுறையைக் கழற்றினார். அவள் விரலை உருவ உருவ இவர் தன் விரலை நுழைத்தார். தடித்த விரல். கண்ணி கொஞ்சம் பெரிதாகியது, ஆனால் அவிழவில்லை.

*

நடந்தே வீட்டுக்குப் போனார். எவ்வளவு நேரம் நடந்தார் என்று தெரியவில்லை. ஒரு கையில் மூட்டையை அணைத்துக்கொண்டு இன்னொரு கையின் விரல் கண்ணியில் இருந்ததால் சாவியைத் தேட முடியாமல், கீழ்வீட்டு வில்மாவின் அழைப்பு மணியை முழங்கையால் அழுத்தினார். வில்மா கையில் மாவோடு கதவைத் திறந்தாள்.

"என்ன லைமோனிஸ், இந்நேரத்துல? இது என்ன, வெல்காவோட முட்டைக்கோஸை நீ ஏன் தூக்கிட்டு அலையுற? மழையில நனையுது பாரு, அவ பாத்தா உன்னைத் தோலை உரிச்சிருவா."

அவர் சொன்னார். இரண்டாவது முறை சொல்வது சுலபமாக இல்லை.

வில்மா அழுதாள். மாவுக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அவர் பையிலிருந்து சாவியை எடுத்து, மேலே ஏறிக் கதவைத் திறந்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அதைக் கீழ வெச்சுட்டுக் கோட்டைக் கழட்டு."

"முடியாது. அவிழ்ந்துரும்."

"எது அவிழ்ந்துரும்?"

விரலைக் காட்டினார். வில்மா குனிந்து பார்த்தாள். தன் மேலங்கியிலிருந்து ஊக்கு ஒன்றைக் கழற்றி, கண்ணிக்குள் கோத்து, மூடினாள். மூன்று விநாடி வேலை.

"ஆச்சு. இனி அது எங்கயும் போகாது. எடு விரலை."

லைமோனிஸ் விரலை எடுத்தார். ஊக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மதாராகிட்ட சொல்லிட்டியா?"

மதாரா அவர்களுடைய மகள். அயர்லாந்தில் ஓர் உணவகத்தின் சமையலறையில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறாள்.

"இல்ல."

"நான் பேசட்டுமா?"

"வேணாம்."

வில்மா காப்பி போட உள்ளே போனாள். அவளுக்குத் தெரிந்த சமையலறைதான். ஆனாலும் அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிற சத்தம் வந்தது. லைமோனிஸ் மகளின் எண்ணை அழுத்தினார். மணி ஐந்தாறு முறை அடித்தது. எடுக்கமாட்டாள் என்று நினைத்தபோது எடுத்தாள். பின்னால் தட்டுகள் மோதும் சத்தம், யாரோ எதற்கோ கத்தும் சத்தம்.

"அப்பா! என்ன அதிசயமா இருக்கு. வண்டியில இருந்தா பேசுறீங்க?"

"இல்ல. வீட்ல."

"இந்நேரம் வீட்லயா? உடம்பு சரியில்லையா? அம்மா எங்க?"

லைமோனிஸின் கை பையிலிருந்த மூக்குக் கண்ணாடியில் பட்டது.

"அப்பா? கேக்குதா?"

"கேக்குது."

மதாரா யாரிடமோ ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொன்னாள். நடந்து போகிற சத்தம் கேட்டது. கனமான ஒரு கதவு சாத்திக்கொண்டது. தட்டுச் சத்தம், கத்தல் எல்லாம் ஒரே நொடியில் அறுந்தன. சாமான் வைக்கிற குளிர் அறைக்குள் போய்விட்டாள் போலிருக்கிறது. அவளுடைய மூச்சு பக்கத்தில் கேட்டது. "சொல்லுங்கப்பா, அம்மாவுக்கு என்ன?"