இறுக்கம் அவிழ்க்கும் மருந்து

ரெங்கம்மாவின் கால்விரல்கள் நீலம் பாரித்திருந்தன. கணபதி அவற்றைத் தன் இரு கைகளுக்குள்ளும் பொத்தித் தேய்த்துக்கொண்டிருந்தான். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிள்ளை பெற்ற கையோடு காய்ச்சல் கண்டு, லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்தவள் அவன் மனைவி. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். பென்சிலின் ஏறிக்கொண்டிருந்தது. விழுந்துபோன இரத்த அழுத்தத்தைத் தூக்க இன்னொரு மருந்தும் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அழுத்தம் ஏறியது; கை கால்களோ கல்லாய்க் குளிர்ந்தன. சிறுநீர் நின்றுபோனது. பிள்ளை லயத்திலேயே, பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவளின் பாலில் கிடந்தது.

டாக்டர் சிற்றம்பலம் யாழ்ப்பாணத்துக்காரர். மத்தியானம் முழுவதும் ஒரு வைத்திய சஞ்சிகையை வைத்துப் படித்துக்கொண்டிருந்துவிட்டு வந்தார்.

"கணபதி, நான் சொல்லுறதைக் கேளும். இந்த மருந்து இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்குது. அதாலதான் பிறஷர் நிக்குது. ஆனா விரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் போகேல்லை. இறுக்கத்தை அவிழ்க்கிற மருந்து ஒண்டு இருக்கு. மனநோயாளருக்குக் குடுக்கிறது. அமெரிக்காவில நாய்களுக்கு இப்பிடிக் குடுத்துப் பாத்திருக்கினம்."

"நாயிங்க பொழைச்சிச்சிங்களாய்யா?"

"கனக்கப் பிழைச்சது. எல்லாம் இல்லை."

தாதி கமலாம்பிகை குரலைத் தாழ்த்தினாள். "டொக்டர், அது பிறஷரை விழுத்திற மருந்தெல்லே? இருக்கிறதும் போயிடும்."

"தெரியும். சேலைனை வேகமா விட்டுத் தாங்கலாம் எண்டு எழுதியிருக்கு. தாங்கேலாமலும் போகலாம்."

"சும்மா விட்டா?" என்றான் கணபதி.

டாக்டர் அந்த நீல விரல்களைத் தொட்டுக் காட்டினார். கணபதி அவள் காதருகே குனிந்தான். "புள்ள... ஏய் புள்ள, என்ன செய்யட்டும்?" அவள் உதடு தண்ணீர் கேட்பதுபோல் அசைந்தது. அவ்வளவுதான்.

"குடுங்கய்யா."

ஊசி ஏறியது. இரத்த அழுத்தக் கருவியில் பாதரசம் சரிந்தது. டாக்டர் மணிக்கட்டில் நாடியைத் தேடினார்; கிடைக்காமல் கழுத்தில் தேடினார். "சேலைன்... கெதியா!" கமலாம்பிகை போத்தலை உயர்த்திப் பிடித்தாள். "கொன்னுட்டேனே, நானே சொல்லிக் கொன்னுட்டேனே" என்று கணபதி சுவரில் தலையை மோதிக்கொண்டான். ஒரு போத்தல் தீர்ந்து இன்னொன்று பாதி இறங்கியபோது பாதரசம் ஓரிடத்தில் தங்கியது.

"நிக்குது," என்றார் டாக்டர். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "எவ்வளவு நேரத்துக்கெண்டு தெரியேல்லை. காலைத் தொட்டுப் பாரும்."

கணபதி தொட்டான். விரல்களைத் தடவினான், மறுபடி தொட்டான்.

"சூடு இருக்காப்புல இருக்குங்க. அவ சூடா, எங் கையி சூடான்னு தெரியலீங்களே."

அவன் வெளியே ஓடினான். முற்றத்துக் குழாயைத் திறந்தான். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் ஐஸாய்க் கொட்டியது. உள்ளே யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கைகள் இன்னும் குளிரட்டும், அப்புறம் அவள் காலைத் தொட்டால் தெரிந்துவிடும் என்று, விரல்களை அகல விரித்துத் தண்ணீருக்குள் பிடித்தபடி நின்றான்.