சத்தம் போடாத ஈயம்

லோரன்ஸ் துரை அந்த ஈயக் கம்பியைக் காதருகே வைத்துக்கொண்டு மெல்ல வளைத்தார். எதிரே குந்தியிருந்த கண்ணாயிரம் தலையைக் குனிந்துகொண்டான். அது என்ன சோதனை என்று அவனுக்குத் தெரியும். கலப்பில்லாத வெள்ளீயத்தை வளைத்தால் அது உள்ளுக்குள் முனகும். காய்ந்த சோளத்தட்டையைக் கடித்த மாதிரி நறநறவென்று ஒரு சத்தம். உள்ளே மணிமணியாக இறுகிக் கிடக்கும் ஈயம் ஒன்றோடொன்று நெரிபடுவதால் வருவது. காதோடு சேர்த்து வைத்தால்தான் நன்றாகக் கேட்கும். காரீயம் சேரச் சேர அந்த முனகல் குறைந்துகொண்டே போய், பாதிக்குப் பாதி ஆகும்போது முழுதாக அடங்கிவிடும். துரை கம்பியைத் திருப்பி இன்னொரு முறை வளைத்தார். அது ஊமையாக வளைந்தது.

"இன்னா தொரை, அத்தப் போயி காதுல வெச்சிக்கினு கீறீங்க? ரேடியோ பொட்டியா அது?" என்றாள் செல்லியம்மாள். ஆர்கனுக்குக் காற்றடிக்கும் துருத்திக் கழியில் சாய்ந்து நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, இது பேசவில்லை" என்றார் துரை.

அவர் கம்பியின் முனையைச் சுண்ணாம்புச் சுவரில் வைத்து இழுத்தார். பென்சிலால் போட்டதுபோல் ஒரு சாம்பல் நிறக் கோடு விழுந்தது. வெள்ளீயம் சுவரில் எழுதாது, காரீயம் எழுதும். அதற்குமேல் சோதிக்க ஒன்றுமில்லை. துரை அதைத் தன் மேஜைமேல், தான் வெட்டி வைத்திருந்த பழைய ஆர்கன் குழாய்த் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே நிறமாக இருந்தன.

கண்ணாயிரம் தானாக அந்தக் கம்பியை எடுத்துக் கொடுக்கவில்லை. பற்றவைக்க ஈயம் தீர்ந்துபோய், உங்களிடம் இருக்கிறதா ஐயா என்று துரை கேட்டபோது, அவன் கையில் சூடேறிய பற்றவைப்புக் கோல் இருந்தது. செல்லியம்மாள்தான் உதவி செய்கிற நினைப்பில் அவனுடைய சாக்குப்பைக்குள் கையை விட்டு, அடியில் கிடந்ததை உருவி, "இந்தாங்க தொரை" என்று நீட்டிவிட்டாள். அந்தக் கம்பிகள் எல்லாம் தீர்ந்துவிட்டதாகவே அவன் நினைத்திருந்தான்.

சங்கராபுரத்துக்கு மேற்கே இருந்த அந்த மிஷன் கோயிலில் ஆர்கன் ஊமையாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு புயலில் அது இருந்த மாடத்தின் கூரை பிரிந்து, மழை இறங்கி, துருத்தியின் தோல் அழுகிவிட்டது. இப்போது வந்திருக்கும் பாதிரியார் எழுதிக் கேட்டதன்பேரில்தான் லோரன்ஸ் துரை வந்தார். ஜெர்மனியில் ஆர்கன் செய்கிற குடும்பம். தரங்கம்பாடி, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில்களில் சில வருடங்கள் பழுது பார்த்துக்கொண்டிருந்ததில், பைபிள் வாசித்தே தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். எல்லோரையும் ஐயா, அம்மா என்றுதான் கூப்பிடுவார். தெருப்பிள்ளைகள் அவருக்குப் பீப்பித் துரை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஈய வேலை தெரிந்த ஒரு ஆள் வேண்டும் என்று அவர் கேட்டதும், பாதிரியார் சுற்றுவட்டாரத்தில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற கண்ணாயிரத்துக்கு ஆள் அனுப்பினார். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று பயந்துதான் அவன் போனான்.

போன பிறகு, வெட்கத்துக்கு நடுவிலும், அந்த வேலை அவனுக்குப் பிடித்துவிட்டது. ஆர்கன் என்றால் என்ன? நூற்றுக்கணக்கான புல்லாங்குழல்களை ஒரே வாயால் ஊத முடியாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு, அவ்வளவுதான். அவன் அடுப்புக்கு வைத்திருப்பதைப் போன்ற துருத்தியே கீழே இருந்தது; ஆனால் கட்டில் அகலம். செல்லியம்மாள் கழியை அழுத்தினால் அது காற்றைக் குடித்து மேலே எழும்பும். அதன் முதுகில் ஏற்றியிருக்கும் கற்கள் தம் எடையால் மெல்ல இறங்கி, காற்றை ஒரே சீராகப் பெட்டிக்குள் தள்ளும். கற்கள் இல்லாவிட்டால் சுருதி செல்லியம்மாளின் மூச்சைப்போல ஏறி இறங்கும். பெட்டியின் மேல்பலகையில் வரிசை வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு குழாய் நிற்கும். துளைக்கு அடியில் ஒரு சின்னக் கதவு. ஆள் உட்கார்ந்து கட்டையை அழுத்தினால் ஒரு கம்பி அந்தக் கதவை இழுத்துத் திறக்கும், காற்று குழாயின் உதட்டில் மோதிப் பாடும். முன்வரிசையில் ஜனங்கள் பார்க்க நிற்கும் குழாய்கள் ஏறக்குறைய சுத்த வெள்ளீயம். உள்வரிசைகளில் இருப்பவற்றில் காரீயம் அதிகம். மிருதுவான உலோகத்தில் குரலும் மிருதுவாக வரும் என்றார் துரை.

அந்த உள்வரிசைகளில்தான் குழாய்கள் இல்லை. வெறும் துளைகள் இருந்தன.

துரை அதைப்பற்றி யாரிடமும் விசாரிக்கவில்லை. வந்த அன்று துளைகளைப் பார்த்துவிட்டு, "எலி தோலைத் தின்னும். குழாயைத் தின்னாது" என்று மட்டும் சொன்னதாகச் செல்லியம்மாள் சொன்னாள்.

கீழே கோயில் மணி அடித்தது. செல்லியம்மாள் கழியை விட்டாள். "கல்லு சொமந்தா தோளு வலிக்கும். காத்து சொமந்தா கூட வலிக்குதே, இது இன்னா கூத்து" என்று சொல்லிக்கொண்டே கூழ் குடிக்க ஏணியில் இறங்கிப் போனாள். மாடத்தில் இரண்டு பேர்தான் மிச்சம்.

எங்கே எடுத்தாய் என்று கேட்பார் என அவன் காத்திருந்தான். அதற்குப் பதில் இருந்தது. முன்பு இந்தக் கோயிலில் காவலுக்கு இருந்த சடையன், மழையில் விழுந்து மூலையில் குவிந்து கிடந்த குழாய்களைக் காட்டி, "வெறும் தகரக் குழா, எலி கூட சீந்தல, எடுத்துக்கினு போ. எம் பொண்ணு கல்யாணப் பாத்திரத்துக்கு மட்டும் பூசிக் குடுத்துடு" என்றான். சடையன் இப்போது எந்தச் செங்கல் சூளையில் இருக்கிறானோ. பழியில் பாதியை அவன்மேல் போட்டுவிடலாம். கண்ணாயிரம் மனதுக்குள் அந்த வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தான்.

"ஐயா, இதை எங்கே பூசினீர்கள்?" என்று கேட்டார் துரை.



"மலைலங்க" என்றான். "வெள்ளிமலைக்கு அந்தாண்ட."

"எந்தப் பாத்திரங்கள்?"

"பித்தளை குண்டானுங்க தான். கல்யாணத்துக்குன்னு வாங்கி வெச்சிருப்பாங்க."

"அதில் என்ன சமைக்கிறார்கள்?"

"எல்லாந்தான். புளிக்கொழம்பு… மலைல புளிக்கு இன்னா பஞ்சம்."

துரை முக்காலியில் உட்கார்ந்தார். கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவரோ, குழாய்க்கு எப்படித் தகடு வார்ப்பது என்று முந்தின நாள் சொன்ன அதே குரலில், நிதானமாகச் சொன்னார். காரீயம் புளிப்பில் கரையும். கரைந்தது கண்ணுக்குத் தெரியாது, நாக்கிலும் கசக்காது. வயிற்றை முறுக்கும். ஈறில் கறுப்புக் கோடு விழும். பெரியவர்களைவிடக் குழந்தைகளை அது கெடுக்கும், புத்தியை மந்தமாக்கும். தங்கள் பட்டறையில் கை கழுவாமல் ரொட்டியைத் தொட்டவனை அப்பா அடித்தே விடுவார் என்றார். அங்கே ஒரு கிழத் தொழிலாளிக்கு மணிக்கட்டு தூக்க முடியாமல் தொங்கிப்போயிருந்ததாம். துரை தன் கையை நீட்டி, விரல்களைத் தொங்கவிட்டுக் காட்டினார்.

"காரீயம் வெசம்னு எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது."

"கலப்பு என்று தெரியுமா?"

கண்ணாயிரத்துக்குத் தெரியும். குழாய்களைக் கத்தரித்து, இரும்புக் கரண்டியில் உருக்கி, மணலில் கோடு கிழித்து ஊற்றிய முதல் கம்பியையே அவனும் காதில் வைத்து வளைத்துப் பார்த்தவன்தான். கள்ளக்குறிச்சியிலும் சங்கராபுரத்திலும் அதைப் பூச முடியாது. அங்கே பெண்கள் பூசி முடித்த பாத்திரத்துக்குள் வெள்ளைத் துணியை விட்டுத் தேய்ப்பார்கள். துணி கறுத்தால் காரீயம் என்று தெரிந்து தெருவே திரண்டு வந்துவிடும். சங்கராபுரத்து லட்சுமியம்மாள் வீட்டில் அவள் தேய்த்த தேய்ப்பில் நல்ல ஈயமே நடுங்கும். மலையில் யாரும் துணி வைத்துத் தேய்ப்பதில்லை. அவனை நம்பினார்கள். அதனால்தான் மலைக்குக் கொண்டுபோனான். துரை கேட்காத கேள்வி அதுதான். அவர் கேட்டுவிடக் கூடாது என்று அவன் வேண்டிக்கொண்டான். அவர் அதைக் கேட்கவில்லை.

அவர் வேறொன்றைச் சொன்னார். முதல் மகாயுத்தத்தில் ஜெர்மனியில் ஈயம் தட்டுப்பாடாகிப்போய், கோயில் ஆர்கன்களின் முன்வரிசைக் குழாய்களைப் பட்டாளத்துக்குக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்ததாம். கழற்றத் தெரிந்தவர்கள் ஆர்கன் செய்கிறவர்கள்தானே. அவருடைய அப்பா, தானே வார்த்து, தானே சுருதி சேர்த்த குழாய்களைத் தன் கையாலேயே உருவி, உடைப்பதற்கு வண்டியில் ஏற்றினார்.

"உத்தரவு, என்ன செய்வது என்றுதான் சாகும்வரை சொன்னார்" என்றார் துரை. "அந்த ஈயம் எங்கே போயிற்று, எதில் சேர்ந்தது என்று மட்டும் அவர் ஒருநாளும் கேட்கவில்லை. யாரேனும் சொல்ல வந்தால் எழுந்து போய்விடுவார்."

பிறகு தன் மரப்பெட்டியைத் திறந்து, காகிதம் சுற்றிய ஈயக் கட்டிகளை எடுத்து மேஜையில் வைத்தார். வெள்ளி மாதிரி இருந்தன. உள்வரிசைக்கு மறுபடி குழாய் செய்வதற்காக, காரீயத்தோடு கலக்கக் கொண்டுவந்த சுத்த வெள்ளீயம். கண்ணாயிரம் கைநீட்டவில்லை. துரையே அவற்றைச் சாக்குப்பைக்குள் போட்டார்.

"அப்ப இந்த ஓட்டைங்க?" என்றான்.

"இருக்கட்டும்."

செல்லியம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டு ஏறி வந்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா ஈயக்காரரே, மூஞ்சி இப்படி கறுத்துப் போச்சி? தொரை ஒனக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டாரா?" என்றாள். யாரும் சிரிக்காததால் அவளும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு கழியை அழுத்தினாள். துருத்தி எழும்பியது. துரை ஏதோ ஒரு கட்டையைத் தொட்டார். சத்தம் வரவில்லை. கண்ணாயிரத்தின் முகத்துக்கு நேராக இருந்த ஒரு துளையிலிருந்து காற்று மட்டும் புஸ்ஸென்று வந்து அவன் கன்னத்தில் பட்டது.

மறுநாளே கிளம்பினான். கச்சிராயப்பாளையம் வரை பஸ். அதற்குமேல் புளி ஏற்றப் போகிற ஜீப் ஒன்றில் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து போனான். வெள்ளிமலையில் இறங்கி, சாமைக் கொல்லைகளின் ஓரமாக நடந்தான். தோளில் துருத்தி, பைக்குள் ஈயம் ஒட்டப் போடும் நவச்சாரமும் துரை கொடுத்த ஈயமும். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தான். உங்க பாத்திரத்துல வெசத்தப் பூசிட்டேன் என்று சொல்ல வேண்டும். நீங்க மலைக்காரங்க, கண்டுபிடிக்க மாட்டீங்கன்னு பூசினேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மை. முதல் பாதியை மட்டும் சொல்லிப் பார்த்தான். அதுவே வாயில் நிற்கவில்லை.

முதல் வீடு பெரியம்மாளுடையது. அவள் மகன் கல்யாணத்துக்கு வாங்கிய குண்டானுக்குத்தான் அவன் அங்கே முதலில் பூசினான். அன்றைக்கு அவள் பாத்திரத்தைத் தூக்கி, உள்ளே தன் முகம் தெரிகிறதா என்று பார்த்து, மருமகளைக் கூப்பிட்டு அவள் முகத்தையும் பார்க்க வைத்தாள்.

"ஐய, ஈயக்காரரு" என்றாள் பெரியம்மாள். "இவ்ளோ சீக்கிரம் வந்துட்டியே. எங்குளுது இன்னும் வெளுப்பாத்தான் கீது."

"சும்மாதான் வந்தேன் யக்கா. இன்னொரு பூச்சு பூசிட்டா ரொம்ப நாளு நிக்கும். கூலி ஒண்ணும் வேணாம்."

"பாரேன், கீழ இருந்து மலையேறி வந்து சும்மா பூசறேன்ற ஆள" என்று அவள் வீட்டுக்குள் பார்த்துச் சொன்னாள். "நம்ம ஆளுங்களே இப்படி செய்ய மாட்டாங்க. மொதல்ல குந்து. சோறு துன்னுட்டு அப்பறம் பூசு."

மருமகள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி வெளியே வந்தாள். குழந்தை முனகிக்கொண்டிருந்தது.

"புள்ளைக்கு இன்னா?" என்றான்.  

"வயிறு வயிறுன்னுது. பலாப்பழத்த ஜாஸ்தி துன்னுட்டுது" என்றாள் மருமகள். "ஒழுங்கா ஒரு வாய் கொழம்பு சோறு துன்னா சரியாயிடும். இரு, பெசஞ்சி எடுத்தாரேன்."

"இரும்மா" என்றான் கண்ணாயிரம். "எனக்கு மொதல்ல போடு. பசி தாங்கல."

பெரியம்மாள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். விருந்தாளி இப்படிக் கேட்டு அவள் பார்த்ததில்லை. ஆனாலும் தட்டை வைத்து, சாமைச் சோற்றைப் போட்டு, குண்டானை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் வைத்தாள். உள்ளே ஈயம் மங்கலாக, மழைக்கு முந்தின வானம்போல இருந்தது. குழம்பு பாதிக்கு மேல் இருந்தது. அவள் ஊற்றினாள். கெட்டியான புளி, பூண்டு, காய்ந்த மிளகாய். நன்றாக இருந்தது. அதில் வேறு எந்த ருசியும் தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்து யக்கா."

ஊற்றினாள். சோறு கொஞ்சமாக இருக்க, குழம்பு தட்டில் குளமாக நின்றது. அவன் அதைக் கையால் அள்ளிக் குடித்தான்.

"அட, கொழம்ப கள்ளு மாதிரி குடிக்கறானே" என்று பெரியம்மாள் சிரித்தாள். "கொழந்தைக்கு வெச்சிட்டுக் குடிப்பா."

"சாமை கஞ்சி காச்சி குடு, புள்ளைக்கு அதான் நல்லது. இத எனக்கு ஊத்திடு. ஒன் கை ருசி அப்படி."

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. குண்டானைச் சாய்த்தாள். மருமகள் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு, உலை வைக்க மண்சட்டியைத் தேடி உள்ளே போனாள். குழந்தை நகர்ந்து வந்து அவன் துருத்தியின் தோலை விரலால் குத்தியது. அது மெல்ல மூச்சு விட்டது. கண்ணாயிரம் எதையும் பார்க்காமல் குனிந்து குடித்துக்கொண்டே, தட்டை மறுபடி நீட்டினான். பெரியம்மாளின் கரண்டி குண்டானின் அடியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது.