மாப்பிள்ளைகளை அண்ணனாக்கியவர்

பாம்பன் மாப்பிள்ளை அண்ணனாகிவிட்டான். மண்டபம் மாப்பிள்ளை தம்பியாகிவிட்டான். மிச்சம் இருப்பது தொண்டி மரியசிங்கம் ஒருவன்தான். அவனை அருள்மேரிக்குப் பிடித்தும் தொலைத்துவிட்டது.

எல்லாம் இன்னாசி பெரியப்பாவின் கைங்கரியம். ரயில்வேயில் பார்சல் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். விலாசம் தப்பிய மூட்டைகளை உரியவரிடம் சேர்த்த கை சும்மா இருக்குமா? செத்தவர்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டார். கேட்டால் குடும்ப வரலாறாம். அருள்மேரிக்கு அய்யா இல்லை. பெரியப்பா தலையாட்டாமல் கல்யாணமும் இல்லை.

1996 ஆகஸ்ட். அக்காள்மடம் வீட்டில் தொண்டிக்காரர்கள் மிக்சரும் கலருமாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஒட்டிய வம்சாவளி சார்ட்டைப் பெரியப்பா ஸ்கேலால் தட்டினார்.

"மாப்பிள்ளையோட பூட்டன் பேரு?"

"யாகப்பன்," என்றார் மரியசிங்கத்தின் அய்யா.

"போச்சு! எங்க பூட்டன் சந்தியாகு. யாக்கோபு, யாகப்பன், சந்தியாகு, ஜேம்சு... சாமியார் எழுதுனா ஒண்ணு, வெள்ளக்காரன் எழுதுனா ஒண்ணு. பேரு ஒண்ணுதான். அப்ப ஆளும் ஒண்ணுதான். நீங்க எங்களுக்குப் பங்காளி. புள்ளைக ரெண்டும் அண்ணன் தங்கச்சி!"

மரியசிங்கத்தின் கை மிக்சரோடு பாதி வழியில் நின்றது.

பெயர் ஒன்றுதான். அதில் பெரியப்பாவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கடலுக்குப் போனவன் பத்திரமாகத் திரும்பவென்று, வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளைக்குப் புனிதர் சந்தியாகப்பர் பெயரை நேர்ந்து வைக்கிற கரை இது. பெரியப்பா கணக்குப்படி தொண்டி முதல் தனுஷ்கோடி வரை ஒரே தகப்பன். பாவம், அந்த மனிதருக்கு வலை வீச நேரம் ஏது?

இதை அருள்மேரி முன்பே சொல்லிப் பார்த்தாள். "ஆராய்ச்சியப் பத்தி ஒனக்கென்ன தெரியும்?" என்று வாயை அடைத்துவிட்டார். அதனால் இந்தத் தடவை அவள் வாதாடவில்லை. அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

"பெரியம்மா, ஒங்க பூட்டன் பேரு என்ன?"

லீமாரோஸ் பெரியம்மா வெங்காயம் அரிந்த கத்தியோடு எட்டிப் பார்த்தாள். "எங்க அய்யாவோட தாத்தாவா? ஜேம்சு. ஏன்டி?"

அருள்மேரி பென்சிலைப் பெரியப்பாவிடம் நீட்டினாள். "எழுதுங்க பெரியப்பா. ஆளு ஒண்ணுதான்னீகளே."

ஸ்கேல் தட்டுவதை நிறுத்தியது. பெரியம்மாவுக்கு விஷயம் மெல்ல உறைத்தது. கத்தியோடு முன்னறைக்கே வந்துவிட்டாள்.

"அப்ப இத்தன வருசமா நான் அண்ணனுக்கா ஆக்கிப் போட்டேன்? பெத்த புள்ளைகளுக்கு நீங்க அப்பனா, மாமனா? அதையும் அதுல எழுதுங்க!"

"ஏ லீமா, அது வேற ஜேம்சுடி..."

"அப்ப இதுவும் வேற யாகப்பன்," என்றாள் அருள்மேரி.

மரியசிங்கத்தின் அய்யா சிரிப்பை அடக்கக் கலரைக் குடித்தார். அது மூக்கு வழியாக வந்தது.

பெரியப்பா கத்தியைப் பார்த்தார். சார்ட்டைப் பார்த்தார். ரப்பரை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். "இவர்களுக்குள் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்று சாமியார் நிமிர்ந்தபோது, பழக்கதோஷத்தில் பெரியப்பாவின் வாய் திறந்தது. பெண்கள் வரிசையிலிருந்து ஒரு செருமல் கேட்டது. "அண்ணே, சோறு வச்சாச்சு" என்று அந்த வாரம் முழுக்க அவரைக் கூப்பிட்ட அதே குரல்.

வாய் மூடிக்கொண்டது.