படகு முழுகுது, மூணு மூணா சேரு

போன சனிக்கிழமை காலை வரைக்கும், என்னைப் போல ஒரு கெட்டிக்காரி பிலிப்பைன்ஸில் எங்கள் சமார் கரை முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் நடையிலேயே அது தெரிந்திருக்கும்.

பெரிய இழப்பில் அடிபட்டு அரண்டுபோன பிள்ளைகளை வகுப்பில் எப்படித் தாங்குவது என்று ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. அக்கரையில், நகரத்து ஹோட்டலில், ஏசி அறையில் நடந்தது. எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்திலிருந்து என்னைத்தான் அனுப்பினார்கள். போய்வந்தவர் கற்றுக்கொண்டதை மற்ற ஆசிரியர்களுக்குத் திரும்பச் சொல்லவேண்டும். இதற்கு எங்களிடம் 'எக்கோ' என்று பெயர். சனிக்கிழமை என்னுடைய எக்கோ. மாவட்ட மேற்பார்வையாளர் அம்மாளே படகேறி வந்திருந்தார். சான்றிதழை அதற்குள் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியாயிற்று.

என் முகம் போட்ட பேனர் வேறு. தலைமையாசிரியர் ஒனோஃப்ரே அடித்துக் கொடுத்தது.

"உங்க முகத்தப் பாத்தாலே பசங்களுக்கு பயம் தெளிஞ்சிடும், மேம் டெல்மா" என்றார்.

"இல்ல சார், இல்லாத பயமும் புடிச்சுக்கும்" என்றான் ரூபெல். ஆறாம் வகுப்பு ஆசிரியன், வாய்த்துடுக்கு. ஆனால் போட்டோ நன்றாக எடுப்பான். போட்டோ இல்லாவிட்டால் எங்கள் துறையில் எதுவுமே நடந்ததாகக் கணக்கில்லை.

காலையில் பாடம் நடத்தினேன். புரொஜெக்டர் வழியாகச் சுவரில் எழுத்துகள் பெரிதாக விழுந்தன. கடைசியாக வந்தது, 'கேட்காமல் குழந்தையைத் தொடாதீர்கள்'. அதை இரண்டு முறை வாசிக்கவைத்தேன். மேற்பார்வையாளர் அம்மாள் தலையாட்டினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்தது செய்து காட்டுவது. அதற்குப் பிள்ளைகள் வேண்டுமே! இனிப்பு ஸ்பகெட்டி தருகிறேன் என்று சொல்லிக் கொஞ்சம் பிள்ளைகளை வரவழைத்திருந்தேன். ரிசலினை மட்டும் நானே வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். என் வகுப்புப் பெண், நாலாவது படிக்கிறாள். போன வருஷம் மழைக்காலத்தில் அக்கரைக்குப் போன மோட்டார் படகு கவிழ்ந்தபோது, அவளும் அப்பாவும் தம்பி ஜோமாரும் அதில் இருந்தார்கள். உயிரோடு வந்தது அவள் மட்டும். படகின் பக்கவாட்டு மூங்கிலைக் கட்டிக்கொண்டு கிடந்தவளை மீன்பிடிக்கப் போனவர்கள் தூக்கிவந்தார்கள். சவப்பெட்டிகளுக்கு முன்னால் ஒன்பது நாள் ஜெபத்துக்கும் நான் போனேன். அந்த வீட்டு நூடுல்ஸைத் தின்றேன்.

அவளை ஏன் கூப்பிட்டேன்? 'பாதிக்கப்பட்ட பிள்ளை இதோ, என் கையில் எப்படிச் சிரிக்கிறாள் பாருங்கள்' என்று காட்ட எனக்கு ஒரு பிள்ளை வேண்டியிருந்தது. சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனால் அதுதான் உண்மை.

பெரிய அதிகாரியைக் கண்டதும் பிள்ளைகள் விறைத்துப்போய் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் நாலு பேர் கூடினால் முதலில் ஒரு விளையாட்டு நடக்கவேண்டும். கிறிஸ்துமஸ் விருந்தானாலும் ஞானஸ்நானமானாலும் கருத்தரங்கானாலும் அதே விளையாட்டுதான். யோசிக்கவே தேவையில்லை. நானும் யோசிக்கவில்லை. வாயைத் திறந்தேன்.

"படகு முழுகுது! படகு முழுகுது! அஞ்சு அஞ்சா சேரு!"

பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி, ஐந்து ஐந்து பேராகக் கட்டிக்கொண்டார்கள். மிச்சம் நின்ற இரண்டு பேர் செத்தார்கள், சுறாவுக்கு இரை. ஆசிரியர்கள் கைதட்டினார்கள். மேற்பார்வையாளர் அம்மாள் சிரித்தார். அந்த அறையில் இருந்த யாருக்காவது உறைத்ததா? இல்லை. அவர்களை நான் என்ன சொல்வது? கத்தியது என் வாய்.

"படகு முழுகுது! மூணு மூணா சேரு!"

ரிசலின் இருந்த கூட்டத்தில் நாலு பேர் நின்றார்கள். ஒருவர் வெளியே வந்தாகவேண்டும். எல்லாரிலும் சின்னவன் எல்மெர், ஒன்றாம் வகுப்பு. அவன் கையை ரிசலின் பிடித்திருந்தாள்.

"எல்மெர், வாடா வெளிய! சுறாவுக்குப் பசிக்குதாம்!" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே வரப் பார்த்தான். கை வரவில்லை.

"விட்ருடி ரிசலின்."

"விட மாட்டேன், மேம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் அடம்பிடிப்பது அவர்களுக்கு வேடிக்கை. எனக்கும்தான். "ஐயே, விளையாட்டுதானேடி!" என்று குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். விரல்களைப் பிரித்தேன். சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டியிருந்தது. ஒன்றைப் பிரித்தால் மற்றது மறுபடியும் போய் ஒட்டிக்கொள்ளும். நடுவில் ரூபெல், "மேம், இங்க பாருங்க!" என்றான். நான் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தேன். படம் எடுத்துக்கொண்டான்.

எல்மெர் விடுபட்டு, சுறா பக்கம் குதித்து ஓடினான். ரிசலின் கை அப்படியே நின்றது. விரல்கள் பாதி மடங்கியபடி, உள்ளே எதுவும் இல்லாமல்.

"புடிச்சிருந்தேன், மேம்" என்றாள். சத்தமாகக்கூட இல்லை. "நான் புடிச்சுத்தான் இருந்தேன்."

அப்புறம் அறையை விட்டு வெளியே போனாள். மைதானத்தைத் தாண்டி வீட்டுப் பக்கம் நடந்தாள். ஓடவில்லை.

மேற்பார்வையாளர் அம்மாள் என்னிடம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "போன வருஷம் படகுல தப்பிச்ச பொண்ணு, இவதானா?"

தலையாட்டினேன். அவர் ஃபைலை மூடிவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். எதிரே இருந்த ஆசிரியர்கள் ஒவ்வொருவராகக் கீழே பார்த்தார்கள். பேனரில் மட்டும் நான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் ரூபெல் பழக்கதோஷத்தில் படங்களை எங்கள் குழுவில் போட்டான். அந்தப் படமும் வந்தது. ஒரு குழந்தையின் விரலை நெம்பிக்கொண்டு, கேமராவைப் பார்த்து நான் சிரிக்கிறேன். பின்னால் சுவரில், 'கேட்காமல் குழந்தையைத் தொடாதீர்கள்'.

ரூபெல் என் பக்கத்தில் வந்து நின்றான். துடுக்கெல்லாம் போயிருந்தது.

"அழிச்சிட்டேன், மேம். குரூப்ல இல்ல."

அதற்குள் என் போனில் இறங்கியிருந்தது.

சாயங்காலம், வாழை இலையில் சுற்றி வேகவைத்த அரிசிப் பலகாரம், சுமன், ஒரு கட்டு வாங்கிக்கொண்டு ரிசலின் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவதென்று ஒத்திகை பார்த்தேன். முதலில் மன்னிப்புக் கேள், சாக்கு சொல்லாதே. பயிற்சியில் கேட்டதுதான். மற்றவர்களுக்குச் சொல்லும்போது எவ்வளவு சுலபமாக வந்தது!

ரிசலினின் அம்மா ஃபெலி வாசலுக்கே வந்துவிட்டாள். என்னைவிட மூத்தவள், எனக்கு மானா, அதாவது அக்கா. மீன் காயவைத்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க மேம்" என்றாள்.

நான் சொல்லவேண்டியதை அவள் சொன்னாள்!

"வயித்துவலின்னு பாதியிலயே வந்துட்டா. பெரிய ஆபீசர்லாம் வந்திருந்தாங்களாமே, உங்க மானத்த வாங்கிட்டாளா? இவளுக்குப் போய் நீங்க சுமன் வேற வாங்கிட்டு வந்தீங்களே! உக்காருங்க, காபி கலக்குறேன்."

பின்கதவு திறந்திருந்தது. ரிசலின் அங்கே குந்தி உட்கார்ந்து சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் தேய்த்தாள். அந்தப் பிள்ளை எனக்காகப் பொய் சொல்லியிருந்தது.

காபி வந்தது. அதைக் குடித்துவிட்டு, "உடம்பப் பாத்துக்க சொல்லுங்க" என்று கிளம்பியிருக்கலாம். யாரும் எதுவும் கேட்டிருக்கமாட்டார்கள். கிளம்பிவிடத்தான் பார்த்தேன், ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது. கோப்பையைக் கையில் எடுத்தபோது சரிந்து காபி மடியில் கொட்டியது.

"மானா, அவளுக்கு வயித்துவலி இல்ல" என்றேன். சொன்னேன், எல்லாவற்றையும். விளையாட்டு, எல்மெர், விரல். என் சிரிப்பைக்கூட விடவில்லை. "எனக்குத் தெரியாம இல்ல மானா. தெரியும். நினைக்கல. அவ்வளவு பெரிய பாவி நான்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். மானா ஃபெலி வாசலில் காயப்போட்டிருந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புடிச்சிருந்தேன்னா சொன்னா?"

"ஆமா மானா."

"என்கிட்ட சொன்னதில்ல." குரலைத் தாழ்த்தினாள். "நான் ஒரு வார்த்தை கேட்டுட்டேன், மேம். தம்பியப் பெட்டியில வச்சிருக்கும்போது. 'ஏன்டி அவன் கைய விட்ட'ன்னு. அன்னிக்கி வாய மூடினவ. வேற எல்லாம் பேசுவா. அத மட்டும் பேசமாட்டா. நானும் கேட்ட வார்த்தைய திருப்பி எடுக்கல. எப்படி எடுக்கிறதுன்னு தெரியல." அப்புறம் கேட்டாள்: "எவ்வளவு கெட்டியா புடிச்சிருந்தா?"

"ரொம்ப..."

"எவ்வளவு?"

வாயால் சொல்லத் தெரியவில்லை. போன் என் பையில் கனத்தது. அதை எடுத்தால் அந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான் எடுக்கவேண்டும். பெற்றவள் கையில் அதை எப்படிக் கொடுப்பது? எடுத்துக் கொடுத்தேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். என் பல் போயிற்று, சுவரெழுத்து போயிற்று, எல்மெர் போனான். திரை முழுக்க மகளின் விரல்கள் மட்டும்.

"நகமெல்லாம் வெளுத்துப்போயிருக்கு" என்றாள்.

"ஆமா."

"நீங்க பெரிய மனுஷி. ஒவ்வொரு விரலா இழுக்க வேண்டியிருந்துச்சு, இல்ல?"

"ஆமா மானா."

"அப்ப கடல் எவ்வளவு இழுத்திருக்கும்!"

போனோடு எழுந்து பின்கட்டுக்குப் போனாள். சட்டி தேய்க்கும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து யாரோ அழுதார்கள், அம்மாவா மகளா என்று தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. போனைக் கேட்டு வாங்கவும் இல்லை. மடியில் ஈரத்தோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.